ஒரே எழுத்து, இரண்டு ஈரல்

அச்சன்புதூர் பால் சொசைட்டியில் காலை ஐந்தரை மணிக்கே வரிசை நின்றுவிடும். கொண்டுவந்த பாலைக் கலக்கி, சின்னக் குப்பியில் எடுத்து, மெஷினில் வைத்து, "ஃபேட் நாலு புள்ளி ரெண்டு" என்று கொழுப்பு அளவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுகிறவர் ஆனந்தவள்ளி. பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்த நாற்காலி அவருடையதுதான். நானும் அங்கே பால் ஊற்றுகிறவன். ஒருநாள் என் பால் கொஞ்சம் தண்ணியாக இருந்தபோது, "அண்ணாச்சி, மாடு இன்னைக்குக் குளிச்ச கையோட வந்துட்டோ?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. கோபப்பட முடியாத மாதிரி பேசுவார்.

அவருக்கு ஒரு அக்காள். பதினோரு நிமிடம் மூத்தவர். பெயர் முப்பிடாதி. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள். மூக்கு, காது மடல், சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் விழுகிற குழி எல்லாம் ஒன்று. சின்ன வயதில் அடையாளத்துக்காக அவர்கள் அம்மா ஒருத்தியின் காலில் கறுப்புக் கயிறு கட்டி வைத்தார். இரண்டு பேரும் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டு விளையாடியதில், "இதுல யாரு மூத்தவன்னு எங்களுக்கே சந்தேகந்தான்" என்று ஆனந்தவள்ளி இன்றும் சொல்வார்.

1999இல் இருவரும் போலீஸ் தேர்வுக்குப் போனார்கள். உயரம் அளந்தபோது இருவருக்கும் அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஓட்டத்தில் தோளோடு தோளாக வந்து கோட்டைத் தொட்டார்கள். நீளம் தாண்டுவதில்தான் பிரிந்தது. முப்பிடாதி முதல் தடவையிலேயே தாண்டிவிட்டார். ஆனந்தவள்ளி மூன்று தடவையும் வெள்ளைக் கோட்டை மிதித்துவிட்டார்.

அவ்வளவுதான். அந்த மணல் குழியிலிருந்து இரண்டு உடம்பும் இரண்டு பாதையில் போயின. முப்பிடாதி காக்கி உடுத்தினார். திருவிழா, தேர்தல், ஜாதி மோதல், மந்திரி வருகை என்று எங்கே கூட்டமோ அங்கே நின்றார். வாரத்தில் பாதி ராத்திரி டூட்டி. கிடைத்த நேரத்தில் கிடைத்த கடையில் பரோட்டா, அரைமணிக்கு ஒரு இனிப்பு டீ. முப்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. எடை எண்பத்தைந்தைத் தாண்டியது. ஆனந்தவள்ளி, பலவேசம் என்ற விவசாயியைக் கட்டிக்கொண்டு அச்சன்புதூருக்கு வந்தார். நாற்று நட்டார், களை எடுத்தார், மாடு வைத்துப் பார்த்தார். நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்த பிறகுதான் சொசைட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

2023 ஆகஸ்ட். குற்றாலத்தில் சாரல் காலம். பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் முப்பிடாதிக்கு டூட்டி. விசில் ஊதி, வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தவர், வலது விலாவுக்குக் கீழே ஏதோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறதென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர முடியவில்லை. கூட இருந்த பெண் காவலர்கள் ஜீப்பில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுவந்தார்கள். தகவல் தெரிந்து ஆனந்தவள்ளி போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் நடந்துகொண்டிருந்தது. அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த ஸ்கேன் டாக்டர் ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினார். அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கல்லீரலில் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கட்டி. அதைச் சுற்றி ஈரல் முழுவதும் தழும்பேறி, கரடுமுரடாக இருந்தது.

"ஈரல்லயா? நான் ஒரு சொட்டு தொட்டது கெடையாதே," என்றார் முப்பிடாதி. தன்னை யாரோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது அவர் குரல். ஊரிலும் அப்படித்தான் பேசினார்கள். போலீஸ்காரிதானே, யார் கண்டது என்றார்கள். அதைக் கேட்ட ஆனந்தவள்ளி சொசைட்டி வரிசையில் வைத்தே ஒருவரைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா அவ குடிச்சதை? கண்ணால பாத்தா சொல்லுங்க. இல்லன்னா வாயை மூடிக்கிட்டு கேனை எடுத்துட்டுப் போங்க." அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

தென்காசியில் சொன்னபடி திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஈரல் பிரிவில் டாக்டர் ஜாஹிரா பீவி இருந்தார். நாற்பது வயதிருக்கும். இவர்கள் பேச்சைக் கேட்டதும், "நானும் உங்க பக்கந்தான், கடையநல்லூர்" என்றார். முப்பிடாதிக்குப் பாதி பயம் அங்கேயே இறங்கிவிட்டது.

டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார். கட்டி புற்றுதான். ஒன்றுதான் இருக்கிறது, சின்னது, ரத்தக் குழாய்க்குள் போகவில்லை. ஆனால் மீதி ஈரல் வெட்டித் தைக்கிற நிலையில் இல்லை. நிலைக்கிற வழி என்றால் ஈரலையே மாற்றுவது.

ஆனந்தவள்ளி கேட்டது வேறு கேள்வி. பல நாளாக அவர் நெஞ்சில் கிடந்த கேள்வி.

"டாக்டரம்மா, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு. எல்லாம் ஒண்ணு. அவளுக்கு வந்திருக்கு, எனக்கு ஏன் வரல?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"சொல்லுதேன். நாம சாப்பிடுததை எரிச்சுத்தான் ஒவ்வொரு செல்லும் உயிர் வாழுது. எரிக்கும்போது கொஞ்சம் பொறி தெறிக்கத்தான் செய்யும். அந்தப் பொறியை அணைக்க ஈரல் தனக்குள்ளயே ஒரு ஏற்பாடு வச்சிருக்கு. கொழுப்பு அளவா இருந்தா ரெண்டும் சரியாப் போகும். கொழுப்பு மூட்டை மூட்டையா ஏறிட்டா, எரிக்க எரிக்கப் பொறி கூடும், அணைக்க முடியாது. இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்னு சொல்லுதோம். உங்க அக்காவுக்கு இது பத்து இருபது வருசமா, ஒரு நாள் லீவு இல்லாம நடந்திருக்கு. செல்லு சாகும், புதுசு வரும், தழும்பு விழும். திரும்பச் சாகும், திரும்ப வரும்."

"அதுக்குக் குடிதான் வேணும்னு இல்லையா?"

"இல்லம்மா. குடி ஒரு வழி. மஞ்சக்காமாலைக் கிருமி ஒரு வழி. சர்க்கரையும் கொழுப்பும் இன்னொரு வழி. எல்லாம் போய்ச் சேருத இடம் ஒண்ணு."

முப்பிடாதி கண்ணை மூடிக்கொண்டார். அவர் மீது இருந்த குற்றச்சாட்டு தள்ளுபடியானது அந்த நிமிடத்தில்தான் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

டாக்டர் தொடர்ந்தார். "இப்போ உங்க கேள்விக்கு வாரேன். உங்க ரெண்டு பேருக்கும் மரபணுவுல எழுத்து ஒண்ணுதான். ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க கண்ணுலயும் அதே எழுத்துதான், ஈரல்லயும் அதே எழுத்துதான். அப்புறம் எப்படிக் கண்ணு கண்ணா இருக்கு, ஈரல் ஈரலா இருக்கு?"

ஆனந்தவள்ளி இதை யோசித்ததே இல்லை. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எந்த எழுத்தைப் படிக்கணும், எதை மூடி வைக்கணும்னு மேல சின்னச் சின்னக் குறி போட்டிருக்கு. எழுத்து மாறாது, குறி மாறும். சாப்பாடு, தூக்கம், பொறி, தழும்பு, எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா அந்தக் குறியைத் தப்பான எடத்துல போட்டுரும். 'போதும், வளராதே'ன்னு சொல்லுத எழுத்தை மூடிரும். பொறியை அணைக்கச் சொல்லுத எழுத்தைக்கூட மூடிரும். அப்புறம் பொறி இன்னும் கூடும். சில எடத்துல எழுத்தே உடைஞ்சும் போகும். இவ்வளவும் கூடி வந்தா, கோடிக்கணக்கான செல்லுல ஒரே ஒரு செல்லு நிக்காம வளர ஆரம்பிக்கும்."

"ஒரே ஒரு செல்லா?"

"ஒண்ணுதான். ஆனா கொழுப்பு இருக்க எல்லாருக்கும் இப்படி ஆகாது. யாருக்கு ஆகும்னு முன்னாடியே சொல்ல எங்களுக்கு இன்னும் தெரியல."

அதைக் கேட்டபோது பயமாக இருக்கவில்லை என்றார் ஆனந்தவள்ளி. ஒரு பெரிய கோயிலுக்குள் முதல் தடவை நுழைந்து மேலே அண்ணாந்து பார்த்தால் வாய் திறக்காது இல்லையா, அப்படி இருந்ததாம். தனக்குள் இத்தனை எழுத்து இருக்கிறது, அத்தனைக்கும் யாரோ குறி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இத்தனை நாள் தெரியாமலே சோறு தின்று தூங்கியிருக்கிறோமே என்று.

முப்பிடாதியின் கணவர் இசக்கிராஜா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தன் ஈரலில் ஒரு பங்கைத் தர அவர்தான் முதலில் எழுந்து நின்றார். ரத்த வகை சேரவில்லை. மகனுக்கும் சேரவில்லை. எல்லோரும் ஆனந்தவள்ளியைத்தான் பார்த்தார்கள். ஆனந்தவள்ளி ஏற்கெனவே சேலை முந்தானையை இடுப்பில் செருகிவிட்டிருந்தார். "என்ன டெஸ்ட் எடுக்கணும், எங்கன போகணும்?"

டெஸ்டில் ஒரு அடி விழுந்தது. ஆனந்தவள்ளியின் ஈரலிலும் கொழுப்பு ஏறியிருந்தது. நூற்றுக்கு இருபத்திரண்டு. தழும்பு இல்லை, கட்டி இல்லை. ஆனால் இந்த ஈரலை இப்படியே வெட்டினால் கொடுப்பவருக்கும் ஆபத்து, வாங்குபவருக்கும் ஆபத்து.

"நான் ஊருக்கெல்லாம் ஃபேட் பாத்துச் சொல்லுதவ. எனக்கே பாத்துட்டாவளே!" என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அப்போ நானும் அந்த வழியிலதான் போயிட்டு இருக்கேனா?"

"ஆரம்பத்துல இருக்கீங்க. திரும்பிரலாம்," என்றார் டாக்டர். "பத்து வாரம் குடுங்க. அதுவரைக்கும் அக்காவுக்குத் தொடையில ரத்தக் குழாய் வழியா உள்ள போய், கட்டிக்கு மட்டும் மருந்து விட்டு அடைச்சு வைக்கோம். அது வளராமப் பாத்துக்கிடுவோம். நீங்க எடையைக் குறைங்க. ஈரல் மாதிரி மன்னிக்கிற உறுப்பு உடம்புல வேற கெடையாது."

ஊருக்கு வந்த பிறகுதான் உண்மையான சண்டை. குத்துக்கல்வலசையில் முப்பிடாதி கட்டியிருந்த புது வீட்டில், அக்காளே முதலில் மறுத்தார்.

"வேண்டாம்ட்டி. உன் வயித்தைக் கிழிச்சு எனக்கு வைக்கணுமா? எனக்கு எழுதினது இவ்வளவுதான்னு விட்டுரு."

"எழுத்து நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்னு டாக்டரம்மா சொன்னாவல்லா? நீ கேட்டுட்டுத்தான இருந்த?" என்றார் ஆனந்தவள்ளி. "அன்னைக்கு மணல்ல நான் ஒரு தடவை சரியாத் தாண்டியிருந்தா, டூட்டியில நின்னு சீக்கு வாங்கினது நானா இருக்கும். அப்போ நீ என்ன செஞ்சிருப்ப?"

முப்பிடாதி அடுப்படிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

பலவேசம் வேறு மாதிரி மனிதர். அவர் சண்டை போடவில்லை, சாப்பிடவில்லை. இரண்டு நாள் வயலுக்குப் போய் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மனைவிக்குத் தெரியாமல் டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். என் பொண்டாட்டி திரும்பி வந்துருவாளா?"

"ஆயிரம் பேர் குடுத்தா நாலஞ்சு பேருக்கு உயிருக்கு ஆபத்து வந்திருக்கு, அண்ணாச்சி. மத்தவங்க வந்துருவாங்க. இல்லவே இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

பலவேசம் போனை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்தார். "அந்தம்மா பொய் சொல்லல. போ, குடு," என்றார். பொய் சொல்லாதவரை நம்பலாம் என்பது அவருடைய கணக்கு.

அந்தப் பத்து வாரத்தை ஊரே பார்த்தது. சொசைட்டி வேலை முடிந்ததும் ஆனந்தவள்ளி செருப்பைக் கழற்றிவிட்டு, தன் மகன் வாங்கிக் கொடுத்த ஷூவை மாட்டிக்கொண்டு மேக்கரை ரோட்டில் நடப்பார். சேலைக்கு ஷூ. முதல் வாரம் பின்னாலேயே பலவேசம் பைக்கை உருட்டிக்கொண்டு போனார். மயங்கி விழுந்தால் ஏற்றிக்கொண்டு வர வேண்டுமே. இரண்டாம் வாரம் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு அவரும் நடந்தார். எதிரே மலை, அதன் தலையில் மேகம், இரண்டு பக்கமும் கார் நெல் அறுவடை. டீக்குச் சர்க்கரை நின்றது. பரோட்டா நின்றது. சோறு பாதியானது, காயும் பயறும் கூடின. பசி வந்தால் அக்காளுக்குப் போன் போடுவார்.

"ஏட்டி, வயிறு கத்துது. உன் ஈரலுக்குத்தான் பட்டினி கெடக்கேன்."

"என் ஈரலா? அது இன்னும் உன் வயித்துலதான இருக்கு!"

நவம்பர் முதல் வாரம் மறுபடி திருவனந்தபுரம். எடை எட்டு கிலோ குறைந்திருந்தது. ஸ்கேனில் இருபத்திரண்டு என்று இருந்தது ஆறாகிவிட்டது. டாக்டர் ஜாஹிரா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இத்தனை வருடம் சேர்த்து வைத்ததைப் பத்து வாரத்தில் ஈரல் இறக்கி வைத்துவிட்டதே என்று ஆனந்தவள்ளி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சை ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு அறை, நடுவில் ஒரு கதவு. ஆனந்தவள்ளியின் ஈரலில் வலது பக்கம், நூற்றில் அறுபது பங்கு, அந்தக் கதவு வழியாகப் போனது. காலையில் தொடங்கியது, சாயங்காலம்தான் முடிந்தது. பலவேசமும் இசக்கிராஜாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தண்ணீர் பாட்டிலை மாறி மாறிக் குடித்தார்கள். இணைப்பைத் திறந்து ரத்தத்தை விட்டதும் சாம்பல் நிறத்தில் இருந்த ஈரல் கண் முன்னால் சிவந்து, கொஞ்ச நேரத்தில் பித்தநீர் சுரக்க ஆரம்பித்தது என்று வெளியே வந்த டாக்டர் சொன்னார். இசக்கிராஜா எல்லையில் நின்றவர், குண்டுச் சத்தம் கேட்டவர். அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சாதாரணமாக இன்னொருவர் உறுப்பு வைத்தால் உடம்பு அதை அந்நியன் என்று எதிர்க்கும். வாழ்நாள் முழுவதும் அதை அடக்க மாத்திரை வேண்டும். முப்பிடாதிக்கு முதலில் சில வாரம் மட்டும் கொஞ்சமாகக் கொடுத்து, ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே குறைத்து, நிறுத்திவிட்டார்கள். எதிர்ப்பு வரவில்லை. வந்தது வேறு ஆள் என்று அந்த உடம்புக்குத் தெரியவே இல்லை.

ஆனந்தவள்ளிக்கு ஒரு ஆசை இருந்தது. அக்காளிடமிருந்து எடுத்த பழைய ஈரலைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வாரம் டாக்டர் அவரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போய் நுண்ணோக்கிக்கு முன் உட்கார வைத்தார். முதலில் காட்டியது ஆனந்தவள்ளியின் சொந்த ஈரலிலிருந்து எடுத்த துணுக்கு. நடுவில் ஒரு சின்னக் குழாய், அதிலிருந்து சுற்றிலும் செல்கள் வரிசை வரிசையாகப் புறப்பட்டுப் போயின.

"நடவு போட்ட மாதிரி இருக்கே! கயிறு கட்டி நட்ட மாதிரி!"

அடுத்தது அக்காளுடையது. வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புப் பொத்தல்கள். வரிசையை அறுத்துக்கொண்டு போகிற தழும்புப் பட்டைகள். அதற்கும் அடுத்தது கட்டி. அங்கே வரிசையே இல்லை. கருநீலமாக, நெருக்கிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஆனந்தவள்ளி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது கண் நனைந்திருந்தது. "பாவம், அதுக்கு நிக்கத் தெரியாமப் போச்சு," என்றார். அந்தச் செல்லுக்குப் பரிதாபப்பட்ட ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன் என்று டாக்டர் சொன்னாராம்.

ஈரலை வெட்டிய இடத்தில் புதிதாக எதுவும் முளைப்பதில்லை. மீதி இருப்பது பருத்துப் பெருகி இடத்தை நிரப்பிக்கொள்கிறது. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஆனந்தவள்ளிக்குள் இருந்த நாற்பது பங்கு ஏறக்குறைய முழு அளவுக்கு வந்துவிட்டது. முப்பிடாதிக்குள் போன அறுபது பங்கும் அப்படியே. எந்த அளவு வந்ததும் நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இரண்டும் சரியான இடத்தில் நின்றன.

டாக்டர் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, மூன்று துணுக்குகளையும் ஒரு ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பியிருந்தார். தங்கையின் ஈரல், அக்காளின் தழும்பேறிய ஈரல், கட்டி. முடிவு 2025 தொடக்கத்தில் வந்தது. அக்காள் தங்கை இருவரும் ஆறு மாதப் பரிசோதனைக்குப் போயிருந்த நாள். முப்பிடாதியின் ஸ்கேன் சுத்தமாக இருந்தது. இனி வரவே வராது என்று டாக்டர் சொல்லவில்லை. இப்போது இல்லை என்றார், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார், நடக்கிறீர்களா என்று கேட்டார். புது ஈரலும் கொழுப்புக்கு விதிவிலக்கு இல்லை. முப்பிடாதி இப்போது நிலையத்தில் புகார் வாங்குகிற மேசையில் பகல் டூட்டி பார்க்கிறார், தினமும் நடக்கிறார்.

பிறகு டாக்டர் ஒரு தாளை விரித்தார். மூன்று பத்தியாக வண்ணக் கோடுகள். நீலம் என்றால் திறந்திருக்கிறது, சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. முதல் பத்தி ஆனந்தவள்ளி. பெரும்பாலும் நீலம். மூன்றாவது, கட்டி. காப்பாற்றுகிற எழுத்துகள் இருந்த இடமெல்லாம் சிவப்பு. ஆனந்தவள்ளியின் விரல் நடுப்பத்தியில் போய் நின்றது. கட்டி இல்லாத, தழும்பு மட்டும் இருந்த பகுதி அது. அங்கே நீலத்துக்கு நடுவில் சிவப்பு புள்ளி புள்ளியாக விழத் தொடங்கியிருந்தது.

"கட்டி வருததுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான். பல வருசத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சிருக்கும்."

"அதுவரைக்கும் ஒண்ணும் வலிக்கல," என்றார் முப்பிடாதி மெதுவாக. "அருவியில விசில் ஊதிக்கிட்டு நின்னேன். உள்ள இவ்வளவு நடந்திருக்கு."

செங்கோட்டை பஸ்ஸில் திரும்பினார்கள். தென்மலை தாண்டியதும் மழை பிடித்தது. கண்டக்டர் ஜன்னல் திரைகளை இறக்கச் சொன்னார். அரையிருட்டில் முப்பிடாதி தங்கையின் கையை எடுத்துத் தன் வலது விலாவில் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, இதுல இருக்க குறியெல்லாம் நீ போட்டதுதானே? நீ நட்டது, நீ நடந்தது, நீ தூங்கினது?"

"ஆமா. அப்படித்தான் இருக்கும்."

"அப்போ இது இனிமே என் பேச்சைக் கேக்குமா, உன் பேச்சைக் கேக்குமா?"

ஆனந்தவள்ளி யோசித்தார். பஸ் ஒரு வளைவில் சாய்ந்து நிமிர்ந்தது. "உன் சோத்தைத்தான தின்னுது. உன் பேச்சைத்தான் கேக்கும்," என்றார். முப்பிடாதி சிரித்தார். இடது கன்னத்தில் குழி விழுந்தது. ஆரியங்காவு வருவதற்குள் தங்கையின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஆனந்தவள்ளி தூங்கவில்லை. விலாவில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. உள்ளங்கைக்குக் கீழே அக்காளின் மூச்சு ஏறி இறங்கியது, சூடாக இருந்தது.